தவசியின் பன்னிரண்டாம் பக்கம்

ஜனவரி 8, செவ்வாய்

ஒருவழியாக வேலை வந்தது. கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹருன்னிசா என்னை நேரிலேயே கூப்பிட்டுப் பேசினார். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். யாரும் வருவதில்லை. நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிகிறார்கள். ஆகவே படக்கதையாகப் போட்டுப் பார்க்கலாம் என்று யோசனை. பன்னிரண்டு பக்கம். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சர்க்கரை கிளினிக்குகளில் காத்திருக்கும் கூட்டத்துக்குக் கொடுப்பார்கள். தான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வார இதழில் நான் வரைந்த படக்கதைகளைக் கத்தரித்து வைத்திருந்தாராம் டாக்டர். அதைக் கேட்டதும் இந்த இஞ்ஞாசிக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் இதெல்லாம் தேவைதானா?

கிளம்பும்போது உங்களுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார். பதினொரு வருஷமாக மாத்திரை போடுகிறேன், கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்றேன். கண் பரிசோதனை செய்தீர்களா என்றார். செய்தாச்சு என்றேன். அது பொய் இல்லை. போன தீபாவளிக்கு முன்பு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து மாற்றினேன். கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தேன்.

ஜனவரி 11, வெள்ளி

கதாநாயகன் கிடைத்துவிட்டான். தவசி, மினி பஸ் டிரைவர். பெரிய மீசை, தோளில் துண்டு, எதையும் கேட்காத குணம். ஊருக்கே சாலை காட்டுகிறவன் தன் கண்ணைக் காட்ட மாட்டேன் என்கிறான். கதை அதுதான். இரண்டு பக்கம் மை போட்டு முடித்தேன்.

தாள் சரியில்லை. புள்ளி புள்ளியாக அழுக்கு. வெள்ளை மை வைத்து மறைத்து மறைத்துக் கை ஓய்ந்துபோனது.

ஜனவரி 12, சனி

தாள் கட்டையே மாற்றி வாங்கி வந்தேன். அதிலும் அதே அழுக்கு. கடைக்காரனோடு சண்டை.

ஜனவரி 23, புதன்

ஆஸ்பத்திரியில் பக்கங்களைக் கணினியில் ஏற்றும் பெண் போன் செய்தாள். வானத்தில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றனவாம். தவசியின் கன்னத்தில் ஒன்று, பஸ் கண்ணாடியில் நான்கு. "அந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே சார், எதை மறைச்சீங்க?" என்கிறாள். உங்கள் ஸ்கேனரைத் துடையுங்கள் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் மை பிடித்தவனிடம் வந்து எதை மறைத்தாய் என்று கேட்பதா?

அப்புறம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். உட்காரப் பிடிக்கவில்லை.

ஜனவரி 28, திங்கள்

மாலையில் வீட்டுக்காரியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தேன். அங்கே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறாள். முன்பெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தால் வாயே திறக்க மாட்டாள். கொஞ்ச நாளாகத் தொணதொணப்பு. இடது பக்கம் லாரி வருது, மாடு நிக்குது, பள்ளம், மெதுவா. எனக்குத் தெரியாதா? வயதாகிறதல்லவா, பேச ஆள் வேண்டும் போலிருக்கிறது அவளுக்கு.

மேசை விளக்கின் பல்பையும் பெரிதாக மாற்றியிருக்கிறாள். கரண்ட் பில் ஏறப்போகிறது.

பிப்ரவரி 2, சனி

முதல் நான்கு பக்கங்களை எடுத்துக்கொண்டு இன்று சர்க்கரை கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் மெஹர்தான் போகச் சொன்னார். படிக்கப்போகிறவர்களிடமே காட்டிப் பாருங்கள் என்றார்.

அவமானம். இரண்டாம் பக்கத்தில் சர்க்கரை அரக்கன் என்று ஒருவனை வரைந்திருந்தேன். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணைத் தோண்ட வருவதுபோல. நல்ல கோடு. பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் பார்த்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, "வெறும் வயித்துல ரத்தம் குடுத்துட்டு உக்காந்திருக்கேன், காலங்காத்தால இதையெல்லாம் காட்டாதீங்க" என்றாள். அத்தோடு அரக்கன் செத்தான்.

அடுத்தது இன்னும் மோசம். படக்கதையே பார்த்துப் பழகாதவர்கள் பாதிப்பேர். இடமிருந்து வலமாகப் போகாமல், முதல் கட்டத்துக்குக் கீழே உள்ள கட்டத்துக்கு நேராக இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் தவசி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், பிறகு ஜிலேபி தின்கிறான், கடைசியில் அவனுக்குச் சர்க்கரை வருகிறது. ஒரு பெரியவர், ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் அவனுக்கு வியாதி வந்தது, நான் போகமாட்டேன் என்று முடிவே எடுத்துவிட்டார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒரு வரிசைக்கு ஒரே நீளக் கட்டமாக எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும்.

பிப்ரவரி 7, வியாழன்

புதுப் பக்கங்களோடு மறுபடி கிளினிக். இந்த முறை வரிசை புரிகிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். மூக்குக் குத்திய ஒரு பெண், ஆறாம் பக்கம் வரைக்கும் வாய்விட்டுப் படித்து, பக்கத்திலிருந்தவர்களுக்கும் சொன்னாள். படித்து முடித்துவிட்டு, கண்ணுக்கு மருந்து ஊற்றினால் நாலு மணி நேரம் ஒன்றும் தெரியாதாமே, அப்புறம் என்னை யார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது என்று கேட்டாள். குறித்துக்கொண்டேன்.

வந்தவர்களில் நிஜமாகவே ஒரு மினி பஸ் டிரைவர். பவுன்ராஜ் என்று பெயர். தவசியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கியர் கம்பியை நான் தப்பான பக்கம் போட்டிருக்கிறேன் என்று திருத்தினார். அப்புறம் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. போய்ப் பாத்து, கண்ணுல என்னமோ இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா அப்புறம் நான் எப்படிங்க வண்டி எடுக்கிறது? பாக்காம இருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்ல?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? கை ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றுதானே ஒவ்வொருவனும் பிழைக்கிறான். சரிதாங்க என்று தலையாட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டு மாத்திரைச் சீட்டோடு கிளம்பிப் போனார். எந்த ஊர் வண்டி என்றுகூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

நாள் முழுக்க வரையவில்லை. அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். மீண்டும் கலைத்தேன். அரிசியில் கல் பொறுக்கிக் கொடுத்தேன், அப்புறமும் கல் இருந்ததாம்.

பிப்ரவரி 18, திங்கள்

பதினொரு பக்கம் ஆகிவிட்டது. பன்னிரண்டாவதுதான் வரமாட்டேன் என்கிறது. தவசி பரிசோதனைக்குப் போய்விட்டு வெளியே வருகிறான். சரி, வந்து? என்ன சொன்னார்கள் அவனிடம்? ஒன்றுமில்லை என்று சொன்னால், ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு பாடு என்பார்கள். ஏதோ இருக்கிறது என்று சொன்னால் பவுன்ராஜ் என் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான்கு முறை பென்சிலில் போட்டு அழித்தேன்.

அதை விட்டுவிட்டு, எட்டாம் பக்கத்தில் டாக்டர் கேட்டிருந்த ஒரு வரிசையை முடித்தேன். நோய் முற்றினால் உலகம் எப்படித் தெரியும் என்று தவசியின் கண் வழியாகக் காட்ட வேண்டும். அது மட்டும் கையில் தானாக வந்தது. பத்தே நிமிஷம்.

பிப்ரவரி 20, புதன்

டாக்டரிடம் பக்கங்களைக் கொடுத்தேன். எட்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். யாரிடம் கேட்டு வரைந்தீர்கள் என்றார். நோயாளிகளிடம் பேசித்தான் என்றேன்.

"கேட்டு வரையிறவங்க சும்மா கறுப்புப் புள்ளி வைப்பாங்க. நீங்க இடது கண்ணுக்கு மட்டும் வரைஞ்சிருக்கீங்க. அதுவும் கண்ணு திரும்பினதுக்கு அப்புறம், ஒரு நொடி தாமதமா, அந்தக் கறுப்பு நூல் மாதிரி நிழல் மெதுவா நகர்ந்து வந்து நிக்கிறத மூணு கட்டத்துல காட்டியிருக்கீங்க. இதை எங்கிட்ட இதுவரைக்கும் எந்த நோயாளியும் இவ்வளவு சரியாச் சொன்னதில்லை, சார்."

அவர், கீழே பரிசோதனை அறை காலியாகத்தான் இருக்கிறது, அரை மணி நேரம் என்றார். ஸ்கூட்டரில் வந்திருக்கிறேன், மருந்து ஊற்றினால் ஓட்ட முடியாது என்றேன். நாளைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். வேலையை ஒப்படைக்க வந்தவனிடம் வேலையை மட்டும் பேசினால் போதாதா? கோபமாகத்தான் படி இறங்கினேன். கடைசிப் படியை இரண்டு படி என்று நினைத்து மிதித்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

டாக்டர் போன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 23, சனி

மறுபடியும் போன். கடைசிப் பக்கம் முடியவில்லை என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அது உண்மைதானே.

மார்ச் 1, வெள்ளி

இந்த மேசை இங்கே இருப்பதுதான் தொந்தரவு என்று ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். அங்கே வெயில் கூசுகிறது. பழைய இடத்துக்கே இழுத்தேன். நடுவில் வைத்தேன். வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். இவள் சும்மா இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 6, திருநீற்றுப் புதன்

காலைப் பூசைக்குப் போனோம். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும்போது கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டார். இடது கண்ணில் விழுந்துவிட்டது. புகை மாதிரி நிற்கிறது. கோவில் குழாயிலேயே கழுவினேன். வீட்டுக்கு வந்து கழுவினேன். போகவில்லை.

பத்து மணிக்கு மறுபடி கழுவினேன். பன்னிரண்டு மணிக்கும். இளநீர் விட்டால் போகும் என்று யாரோ சொன்ன ஞாபகம், அதையும் விட்டேன். புகை கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. கழுவிக் கழுவிக் கண் சிவந்திருக்கும்.

வலது கண் பளிச்சென்று இருக்கிறது. இடது கண்ணை மூடிக்கொண்டே தவசியின் மீசைக்கு மை போட்டேன். ஒரு முடி பிசகவில்லை.

சாமியார் இனி பார்த்துப் பூச வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி, காலை

நேற்று எழுத முடியவில்லை. நேற்று ஊற்றிய மருந்தின் மங்கல் இன்னும் முழுதாகப் போகவில்லை, இப்போதும் வரி எங்கே போகிறது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நேற்று விடிந்ததும் குளியலறையில் ஏழாவது முறையோ எட்டாவது முறையோ கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி வந்து குழாயை மூடினாள். சேலை மாற்றிக் கிளம்பித் தயாராக இருந்தாள். எங்கே என்றேன். ஆஸ்பத்திரிக்கு என்றாள். சரி, ஸ்கூட்டரை எடுக்கிறேன் என்றேன்.

"ஸ்கூட்டர் வேணாம், ஆட்டோ வருது. ரெண்டு மாசமா பின்னாடி உக்காந்து நான்தான அதை ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

நான் கண்ணாடியைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மருந்து ஊற்றினார்கள். ஒரு தாடைக்கட்டையில் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சம் அடித்தது. அவ்வளவுதான். இத்தனை நாள் இந்த ஒரு வெளிச்சத்துக்கா ஓடினேன் என்று வெட்கமாக இருந்தது. டாக்டர் மெஹர் படத்தைக் கணினியில் காட்டினார். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. நான் சாம்பல் என்று நினைத்தது அது. தானாகக் கரையலாம், கரையாமலும் போகலாம், பார்ப்போம் என்றார்.

அப்புறம் வலது கண்ணின் படத்தைப் போட்டார். ஒரு முடி பிசகாமல் மீசை வரைந்த அதே கண். அதிலும் மெல்லிய புது ரத்தக்குழாய்கள் தாறுமாறாக முளைத்திருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் உடையுமாம். ஒரு புள்ளிகூடக் காட்டிக்கொடுக்கவில்லையே டாக்டர் என்றேன். "அது காட்டாது சார். அதுக்காகத்தான் உங்களைக் கதை வரையச் சொன்னேன்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று பதினோரு மணிக்கு வலது கண்ணுக்கு லேசர். அந்தக் கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் சொல்கிறார்கள். பவுன்ராஜிடம் சரிதாங்க என்று தலையாட்டினேனே, அது என்னைத் தின்கிறது. அவர் இப்போது எந்தச் சாலையில் எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகிறாரோ. கிளினிக்கில் கேட்டு அவரைப் பிடித்துத் தாருங்கள் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. கை போனால்கூட வேறு ஏதாவது செய்வேன். கண் போனால் நான் யார்?

மார்ச் 8, வெள்ளி, இரவு

அவர் வீட்டுக்காரி ரெஜினா எழுதுகிறேன். அவருக்கு ஒரு கண்ணில் ரத்தம், ஒரு கண்ணில் லேசர் கூச்சம். இரண்டு வாரம் குனியக் கூடாது, எழுதக் கூடாது, தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் தூக்கம் வராது, நான் சொல்கிறேன் நீ எழுது என்று நோட்டைக் கொடுத்தார்.

அவர் சொன்னது: "லேசர் முடிந்தது. வலி இல்லை. எல்லாம் நன்றாகப் போயிற்று. நேற்று வரை எனக்கு எதுவுமே தெரியாது."

நான்கு வாக்கியத்தையும் எழுதிவிட்டேன். மேலே தேதியை அவர் எப்படிப் போடுவார் என்று பார்க்க ஒரு பக்கம் திருப்பினேன். பிறகு இன்னொரு பக்கம். ஜனவரி எட்டு வரைக்கும் போய்விட்டேன். அவர் மூன்று தலையணையில் சாய்ந்தபடி, என்ன சத்தத்தையே காணோம் என்று இரண்டு தடவை கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எனக்குக் கோபம் வந்தது. பேச ஆள் வேண்டும் போலிருக்கிறது என்று எழுதியிருந்த இடத்தில் அழுகையும் வந்தது. நானும் நல்லவள் இல்லை. ஜனவரியிலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மையாகிவிடுமோ என்று வாயில் லாரியும் மாடுமாகவே வந்தது.

பிறகு பன்னிரண்டாம் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மறந்துவிடுவதற்குள் குறித்துக்கொள் என்றார். முதல் கட்டம்: தவசி கறுப்புக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருகிறான். இரண்டாம் கட்டம்: அவன் மட்டும் தனியாக பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கிறான், முகத்தில் சிரிப்பு.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"மருந்து ஊத்தின கண்ணோட தனியா எப்படிங்க நடப்பான்?"

அவர் யோசித்தார். அது கதைதானே என்றார்.

"பன்னெண்டு பக்கத்துல அவன் பொண்டாட்டிக்கு ஒரு கட்டம்கூட இல்லையே. கல்யாணம் ஆகலையா அவனுக்கு?"

"ஆகியிருக்கும்."

"அப்ப அவ எங்க?"

"வீட்ல இருப்பா."

"வீட்ல இருக்கிறவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவன் நெனச்சுக்கிட்டானா?"

கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அதனால் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முதல் பக்கத்திலிருந்தே மறுபடி வரைய வேண்டும், அவள் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறாள் என்றார். இரண்டு வாரம் கழித்து வரையலாம், இப்போது கண்ணைத் திறக்காமல் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். முதல் கட்டத்தில் தவசி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வண்டி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்கிறான். அவள் பரிமாறுவதை நிறுத்திவிட்டு, நானும் வருகிறேன் என்கிறாள். அவள் பெயர் என்ன வைப்பது என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் சொன்ன அந்த நான்காவது வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன் என்று சொன்னேன். சரி என்றார்.

அடுத்த லேசர் பதினைந்தாம் தேதி, வெள்ளி, காலை பத்து மணி. பள்ளியில் விடுப்பு சொல்லியாயிற்று. இனிமேல் இந்த நோட்டில் யார் எழுதினாலும் நான் படிப்பேன்.